நாகஸ்வர இசைத்தட்டுகளைத் தேடுவது, காப்பது, கூடிக் கேட்பது: காவிரி டெல்டா ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் விடிய விடிய வாசிப்பார் என்று சொல்லும் முதியவர்கள் மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தோடியில் இசைத்தட்டு நமக்குப் பிடித்துத் தந்திருப்பது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில நொடிகளும்தான். பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. அதற்குமேல் அதில் இடம் கிடையாது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரியில் தொடங்கி, நான்கு வீதிகளிலும் ராகம், ரக்தி (தாளக் கணக்கில் விரியும் நாகஸ்வர உருப்படி), பல்லவி என்று விரிந்த ஒரு கலையை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பது புரிய வேண்டுமானால் வீதியில் நின்று கேட்ட காதுகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, தட்டு தேடுவதற்குக் கொடுக்கும் அதே இடத்தைக் கூடிக் கேட்பதற்கும் இந்த வழிகாட்டியில் கொடுக்கிறேன். ஒழுங்காக வைத்திருந்தால் தட்டு இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பாடும். அதைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு வேலைகளில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

படி 1: எதைச் சேர்க்கப் போகிறீர்கள்?

பழைய தட்டு என்றால் எல்லாவற்றையும் வாங்குவது என்று தொடங்குபவர்கள் இரண்டு ஆண்டுகளில் இடமும் பணமும் தீர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். டெல்டாவில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது நாகஸ்வரமும் தவிலும். காரணம் எளிது. ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை, கீர்த்தனை வாசிப்புக்குப் பெயர்பெற்ற சகோதரர்களின் திருவீழிமிழலை, ரக்திக்குப் பேர்போன செம்பொன்னார்கோயில், வீருசாமி பிள்ளையின் திருவிடைமருதூர், சுப்பிரமணிய பிள்ளையின் திருவெண்காடு, தவிலுக்கு நீடாமங்கலம், வலங்கைமான் என்று இந்தக் கலையின் பெயர்கள் எல்லாமே நம் பேருந்துகளின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஊர்கள். தட்டில் கேட்ட பாணியை, அது பிறந்த ஊருக்கே போய் விசாரிக்கலாம். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சேகரிப்பாளருக்கு இந்த வசதி கிடையாது.

நாகஸ்வரத்துக்குள்ளும் இன்னும் சிறிய வட்டம் போடலாம். ஒரே ராகத்தைப் பல வித்துவான்கள் வாசித்த தட்டுகளை மட்டும் சேர்ப்பது என் மனத்துக்குப் பிடித்த முறை. தோடி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி ஆகிய பெரிய ராகங்களில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பதிவுகள் என்றும் போகலாம். வட்டம் சிறியதாக இருந்தால் பேச்சு ஆழமாக இருக்கும்.

படி 2: கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்று அறியுங்கள்

78 சுற்றுத் தட்டு அரக்குத் தட்டு. அரக்குப் பிசினோடு கல் பொடி போன்ற நிரப்பிகளைக் கலந்து அழுத்திச் செய்தது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். 33⅓ சுற்று எல்.பி.யும் 45 சுற்று இ.பி.யும் வினைல், வளையும், எளிதில் உடையாது. அமெரிக்காவில் எல்.பி. 1948இல் வந்தது. இந்தியாவில் அதன் பிறகும் நெடுங்காலம் 78 தட்டுகள் வெளிவந்தன. அதனால் ‘78 தட்டு என்றால் வெகு பழையது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

லேபிளையும் படிக்கப் பழகுங்கள். நாய்ப் படத்தோடு ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், இரட்டைச் சுரக்குறியோடு கொலம்பியா, அடுத்து ஓடியன் ஆகியவை தென்னிந்திய இசையில் அதிகம் கண்ணில் படும். கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலையைத் தொடங்கி, 1928இல் டம்டம்முக்கு மாறியது. 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின. லேபிள் வேறாக இருந்தாலும் பின்னணியில் ஒரே நிறுவனம் இருக்கலாம் என்பதை ஆண்டு கணக்கிடும்போது மறக்காதீர்கள்.

லேபிளில் அச்சிட்டிருப்பது வெளியீட்டு எண். லேபிளைச் சுற்றி, பள்ளங்கள் முடிந்த வழவழப்பான இடத்தில் பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண். இது ஒலிப்பதிவுக்கு உரியது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வெளியீட்டு எண்ணின் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு நாளில் பதிவாகியிருக்கலாம். மேட்ரிக்ஸ் எண்கள் அடுத்தடுத்து வந்தால் ஒரே அமர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். சாய்வான வெளிச்சத்தில் தட்டைத் திருப்பினால் எண் தெரியும். தெரியாவிட்டால், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம்.

படி 3: தேடும் இடங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர் பழம்பொருள் கடைகளில் தட்டுகள் கிடைக்கும். டெல்டாவுக்கு வெளியே காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவும் ஒரு நாள் போய்வரத் தகுந்தது. ஆனால் அந்தக் கடைகளில் நாகஸ்வரம் அபூர்வம்; சினிமாப் பாட்டுதான் கட்டுக்கட்டாக இருக்கும்.

நாகஸ்வரத்துக்கு நல்ல ஊற்று பழைய மைக் செட் கடைகள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் விடியற்காலையில் கூம்பு ஒலிபெருக்கி முதலில் ஒலிபரப்பியது நாகஸ்வரத் தட்டைத்தான். அந்தக் கடைகள் பல இன்று பந்தல், விளக்கு வாடகைக் கடைகளாக மாறிவிட்டன. பரணில் ஒரு தகரப் பெட்டி மிஞ்சியிருக்கும். அதில் இருப்பவை ஓடித் தேய்ந்த தட்டுகளாக இருக்கும் என்பதை எதிர்பார்த்தே போங்கள். ஆனாலும் வேறெங்கும் இல்லாத தலைப்புகள் அங்கேதான் கிடைக்கின்றன.

அடுத்தது வீடுகள். அக்ரகாரத்து வீடுகளும் மிராசுதார் வீடுகளும் இடிபடும்போது தட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரரிடமும், வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரரிடமும் சொல்லிவையுங்கள். அவர்கள் ஒரு பெட்டியை எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிட்டால், அதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

வித்துவான்களின் குடும்பங்களை அணுகும்போது வேறு வகை நாகரிகம் வேண்டும். அந்த வீட்டில் இருக்கும் தட்டு, தாத்தாவின் மூச்சு. ‘விலைக்குக் கொடுங்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘உங்களிடம் இருப்பதைக் கேட்டுப் பதிவுசெய்து, சுத்தமான பிரதி ஒன்றை உங்களுக்கே தருகிறேன், தட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். இந்தக் கலையைச் சுமந்த இசை வேளாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர்கள் முன்னோர் வாசித்த பதிவே கையில் கிடையாது. உங்களிடம் இருக்கும் தட்டின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிடச் சிறந்த அறிமுகம் இல்லை.

படி 4: வாங்கும் முன் பார்ப்பது

வெயிலிலோ கைவிளக்கு வெளிச்சத்திலோ தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கறுத்து மின்னினால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் எஃகு ஊசி அதைத் தின்றிருக்கிறது. உரத்த இடங்களில் கரகரக்கும். நாகஸ்வரத் தட்டில் இந்தத் தேய்மானம் மேல் ஸ்தாயியில் முதலில் தெரியும். விளிம்பில் மூளி இருந்தால், அது பள்ளம் தொடங்கும் இடம்வரை போகிறதா என்று பார்த்தால் போதும். மயிரிழை விரிசலும் பாதகமில்லை. டக் டக் என்று ஒலிக்கும், ஆனால் இசை இருக்கும். ஒரே பிரதி என்றால் விரிசல் விட்டதையும் வாங்குங்கள். இரண்டாக உடைந்திருந்தாலும், துண்டுகள் முழுமையாக இருந்தால் வாங்கி, ஒட்டாமல் அப்படியே வையுங்கள். திறமையான ஒருவரால் அதிலிருந்தும் ஒலியை எடுக்க முடியும்.

படி 5: சுத்தம்செய்தல்

அரக்குத் தட்டில் சாராயம், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது. அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புக் கரைசல் ஒரு சொட்டு, மெல்லிய மயிர்த் தூரிகை, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைப்பது, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் மீண்டும் ஒரு துடைப்பு: இவ்வளவுதான். லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறவைக்காதீர்கள். துடைத்ததும் நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். மின்விசிறிக் காற்றே போதும், வெயில் வேண்டாம்.

உறையையும் தூக்கி எறியாதீர்கள். விற்ற கடையின் ரப்பர் முத்திரை, வாங்கியவர் பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். தட்டைப் புது உறையில் போட்டு, பழைய உறையைத் தனியே அடுக்குங்கள்.

படி 6: ஓட்டுதல்

சாவி கொடுக்கும் கிராமபோனில் கேட்பது அழகான அனுபவம். ஆனால் அதன் ஒலிப்பெட்டி கனமானது; எஃகு ஊசி ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்ற வேண்டியது. நல்ல நிலையில் உள்ள தட்டை அதில் ஓட்டாதீர்கள். விருந்தினருக்குக் காட்ட, இரண்டாம் பிரதி இருக்கும் சினிமாத் தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கும் பதிவுசெய்வதற்கும் 78 சுற்று உள்ள மின் டர்ன்டேபிள் வேண்டும். வாங்கும்போது வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். அதைவிட முக்கியம் ஊசி. எல்.பி. பள்ளம் குறுகியது, அதற்கான ஊசிமுனை ஏறக்குறைய 25 மைக்ரான். 78 பள்ளத்துக்கு ஏறக்குறைய 76 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடிக்குப் போய் அங்கே இருக்கும் குப்பையை வாசிக்கும். இசை பள்ளத்தின் சுவர்களில் இருக்கிறது. ‘பழைய தட்டு என்றால் இரைச்சல்தான்’ என்று அலுத்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் தவறான ஊசியோடு கேட்பவர்கள் என்பது என் எண்ணம்.

78 தட்டு மோனோ. ஊசி பொருந்தியிருக்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டும்போது இரண்டு சேனல்களையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். ஊசி மேலும் கீழும் துள்ளுவதால் வரும் இரைச்சல் பெருமளவு அதிலேயே அடிபட்டுப் போகும். காசு செலவில்லாத வேலை இது.

படி 7: சுருதியைச் சரிபார்த்தல்

நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயரே தவிர, பழைய ஒலிப்பதிவுகள் எல்லாம் துல்லியமாக அந்த வேகத்தில் செய்யப்பட்டவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறிவிடும். சுருதி ஏறினால் காலமும் ஏறும். விரலடி இயற்கைக்கு மீறிய வேகத்தில் கேட்கும். நாமும் ‘அடடா, என்ன வேகம்!’ என்று வியந்துகொண்டிருப்போம்.

நாகஸ்வரத்தில் இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி வாத்தியத்திலேயே இருக்கிறது. பழைய திமிரி நாயனம் (நாயனம் என்பது நாகஸ்வரம்தான்) குட்டை, சுருதி உயர்வு. ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தில் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்த பிறகு இரண்டு, இரண்டரைக் கட்டை வழக்கமாயிற்று. ஒரு தட்டில் பாரி நாயனம் மூன்றரைக் கட்டையில் கேட்டால், தட்டின் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஒரே அமர்வின் இரண்டு பக்கங்கள் வெவ்வேறு சுருதியில் கேட்டாலும் சந்தேகியுங்கள். எந்தக் கட்டையில் கேட்டது, எந்த வேகத்துக்கு மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். பின்னால் வருபவர் உங்கள் முடிவை மறுக்க வேண்டுமானால் அவருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.

இந்த இடத்தில் நரசிங்கம்பேட்டைக்கு ஒருமுறை போய்வரச் சொல்வேன். ஆச்சா மரத்தில் நாயனம் கடையும் ஊர் அது. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரியையும் திமிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஊதச் சொல்லிக் கேட்டுவிட்டால், தட்டில் ஒலிப்பது எது என்பதைக் காது தானாகவே பிரிக்கும். வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பற்றியும் கேளுங்கள். காவிரிக் கரையில் விளையும் நாணல் வகைத் தட்டையில் செய்யும் அந்தச் சிறு துண்டுதான் ஒலியின் கரகரப்பையும் இனிமையையும் தீர்மானிக்கிறது.

படி 8: கணினியில் ஏற்றுதல்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு. எம்.பி.3 என்பது பகிர்வதற்கு மட்டும். ஊசி இறங்கும் ஒலி முதல் ஊசி எடுக்கும் ஒலிவரை அப்படியே பதிவுசெய்து, அந்தக் கோப்பில் கையே வைக்காமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள். திருத்தங்கள் எல்லாம் பிரதியில்தான்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சடசடப்பை நீக்கும் கருவி, திடீரென்று எழும் கூர்மையான ஒலியைத்தான் பிழை என்று அடையாளம் காண்கிறது. தவிலின் வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் விழும் ஒலியும் அப்படிப்பட்டதுதான். சீவாளியின் கூர்மையும் அப்படியே. ஜாஸ் தட்டுகளைச் சேர்ப்பவர்களும் டிரம்பெட் ஒலியில் இதே சிக்கலைப் பார்க்கிறார்கள். கருவியைக் குறைந்த அளவில் பயன்படுத்துங்கள். நீக்கப்பட்ட ஒலியை மட்டும் தனியே ஓட்டிக் கேளுங்கள். அதில் தவில் கேட்டால் நீங்கள் இசையை அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு பக்கங்களாக வந்த ஆலாபனையை ஒட்டி ஒரே கோப்பாக்குவது பலருக்குப் பழக்கம். பின்னாளைய மறுவெளியீடுகளிலும் இப்படிச் செய்திருப்பார்கள். நான் அதற்கு எதிர். முதல் பக்கத்தின் கடைசி நொடிகளில் வித்துவான் எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறார், அடுத்த பக்கத்தை எந்தப் பிடியில் (சுரக்கோவையில்) தொடங்குகிறார் என்பது ஒரு கலை முடிவு. ஒட்டினால் அது மறைந்துபோகும்.

படி 9: பதிவேடு

ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். கலைஞர், தவில், ராகம், உருப்படி, தாளம், லேபிள், வெளியீட்டு எண், மேட்ரிக்ஸ் எண், நிலை, எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து, சுருதி, வேகம். கலைஞர் பெயரைத் தமிழில் எழுதுங்கள். லேபிளில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதையும் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வித்துவானின் பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக அச்சாகியிருக்கும். தேடும்போது எல்லாம் தேவைப்படும்.

தவில் என்ற கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல தட்டுகளின் லேபிளில் நாகஸ்வரக்காரர் பெயர்தான் பெரிதாக இருக்கும். தவில் வாசித்தவர் யார் என்பது இருக்காது. ஜாஸ் ரசிகர்களின் சேகரிப்பு மரபில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒன்றைத்தான். 1930களிலேயே அவர்கள் ஒவ்வொரு ஒலிப்பதிவு அமர்வுக்கும் யார் டிரம், யார் பாஸ், யார் பியானோ என்று தேடிப் பட்டியலிடத் தொடங்கிவிட்டார்கள். லேபிளில் பெயர் இல்லாதவரைக் காதால் கண்டுபிடித்து, வாதாடி, நிறுவினார்கள். அவர்களுக்கும் மூன்று நிமிடத் தட்டுதான். அவர்களுடையதும் இரவு முழுக்க மனோதர்மத்தில், அதாவது அந்தக் கணத்துக் கற்பனையில், விரிந்த இசைதான். நம் தவில் வித்துவான்களுக்கு அந்தக் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை.

தெரியாத இடத்தில் ஊகத்தை எழுதலாம், ஊகம் என்று குறித்து. ஆண்டுகளும் உதவும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இல் மறைந்தவர். ஒரு பதிவில் ஒலிப்பது அவர் தவில் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அந்த ஒலிப்பதிவு அதற்கு முன் நடந்திருக்க வேண்டும். மேட்ரிக்ஸ் எண் அதை ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ராஜரத்தினம் பிள்ளை 1956இலும், அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964இலும் மறைந்தார்கள். இப்படி நிச்சயமான ஆண்டுகளை முளையடித்துக்கொண்டு மற்றவற்றை நடுவில் பொருத்தலாம்.

படி 10: கூடிக் கேட்கும் அமர்வு

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வீட்டுக் கூடம் போதும். ஆனால் யார் அந்தப் பத்துப் பேர் என்பதில் கவனம் வேண்டும். ரசிகர்கள் மட்டும் கூடினால் ‘ஆகா’ என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது. வாசிக்கும் நாகஸ்வரக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர், கோயில் புறப்பாடுகளில் கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவர், இப்போது இசைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர். இந்த நான்கு பேரும் இருந்தால் மீதி ஆறு பேர் யாராக இருந்தாலும் பரவாயில்லை. முதியவரை வீட்டிலிருந்து வண்டி வைத்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். வாசிப்பவர்களுக்கு அது தொழில் நேரம். கல்யாண முகூர்த்த நாட்களையும் பிரம்மோற்சவ நாட்களையும் விட்டு, ஆடியிலோ மார்கழியிலோ ஒரு மாலையைக் கேளுங்கள். மரியாதையாக வழிச்செலவும் கொடுங்கள்.

ஒரு மாலைக்கு நான்கு பக்கங்கள் போதும். பன்னிரண்டு நிமிட இசைதானே என்று தோன்றும். மூன்று மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை யாரும் பேசக் கூடாது, பெயரும் சொல்லக் கூடாது. லேபிளைக் காட்டாமல் ஓட்டுவது அவசியம். பெரிய பெயரைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் காது அடைத்துவிடுகிறது. இரண்டாம் முறை ஓட்டியபின் ஒவ்வொருவராகப் பேசட்டும், இளையவரிலிருந்து தொடங்கி. முதியவர் முதலில் பேசிவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாம் முறை, யாராவது கையைத் தூக்கினால் நிறுத்தி, அந்த இடத்தையே மறுபடி கேட்பது. இதற்குத் தட்டை ஓட்டாதீர்கள். கணினிக் கோப்பை ஓட்டுங்கள்.

கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். ராகத்துக்குள் எந்தப் பிடியில் நுழைந்தார்? சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வை எங்கே, எவ்வளவு? நாவால் தட்டி வாசிக்கும் துத்துகாரம் அதிகமா, மூச்சு விடாமல் இழுக்கும் அகாரம் அதிகமா? தவில் ஆலாபனையின் இடைவெளியில் என்ன செய்கிறது? வீதியில் என்றால் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்? கடைசிக் கேள்விதான் முதியவர்களின் வாயைத் திறக்கும். ‘இதை அவர் கீழ வீதியில் வாசித்தபோது’ என்று ஒருவர் தொடங்கினால், மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

‘யார் பெரியவர்?’ என்ற விவாதத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். திருவீழிமிழலைச் சகோதரர்கள் சாகித்தியத்தை எழுத்துக்கு எழுத்து கேட்கும்படி வாசித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளை ராகத்தைக் கட்டவிழ்த்து ஓடவிட்டார். இவற்றை ஒரே தராசில் வைக்க முடியாது. எப்படி வேறுபட்டார்கள் என்று பேசத் தொடங்கினால் மாலை போதாது.

தவில் யாருடையது என்பதில் தகராறு வரும். வரட்டும். இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும், அவரவர் சொன்ன காரணத்தோடு எழுதுங்கள். ‘அந்தக் கோர்வை அந்த வீட்டுச் சொத்து’ என்பது காரணம். ‘எனக்குத் தெரியும்’ என்பதையும் எழுதலாம், ஆனால் காரணம் என்ற கட்டத்தில் அல்ல. ஓட்டெடுப்பு நடத்தித் தீர்க்காதீர்கள்.

பேச்சு முழுவதையும் அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பேசியவர் யார், வயது என்ன, எந்த ஊரில், எந்தக் கோயிலில் கேட்டார் என்பதைத் தொடக்கத்தில் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பதிவின் பெயரைத் தட்டின் பதிவேட்டுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டும் பிரியக் கூடாது.

தட்டோடு நிறுத்தாமல், நீளமான பதிவுகளையும் எப்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. வானொலிக் கச்சேரிகளையும் கோயில் கச்சேரிகளையும் டேப்பில் பதிவுசெய்து வைத்திருக்கும் ரசிகர்கள் டெல்டாவில் உண்டு. அதே வித்துவான், அதே ராகம், தட்டில் மூன்று நிமிடம், டேப்பில் முக்கால் மணி நேரம்: இரண்டையும் அடுத்தடுத்து கேட்ட ஒரு மாலையில் நான் கற்றுக்கொண்டது, பல ஆண்டுகள் தனியே உட்கார்ந்து கேட்டதைவிட அதிகம்.

படி 11: மழையும் புயலும்

நம் பகுதியில் தட்டுக்கு முதல் எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். பூஞ்சை முதலில் உறையில் பிடித்துத் தட்டுக்கு வரும். மர அலமாரியைக் கரையான் விடாது. இரும்பு பீரோ நல்லது. சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். தட்டுகளை நிற்கவைத்தே அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பது விரிசல் விடும், கோடையில் வளையும். ஓட்டு வீட்டின் பரண் கூடவே கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் கூரைகளைப் பிய்த்துப் போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கான்கிரீட் தளத்தின்கீழ், தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் வைத்தால் காற்றும் வெள்ளமும் இரண்டுமே எட்டாது. கணினிக் கோப்புகளின் ஒரு பிரதி வேறு ஊரில், முடிந்தால் கடற்கரையிலிருந்து தள்ளிய ஊரில், இருக்கட்டும்.

படி 12: உரிமையும் பகிர்தலும்

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அதைத் தாண்டிய நாகஸ்வரத் தட்டுகளில் தியாகராஜர் கீர்த்தனையோ ராக ஆலாபனையோ இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. சினிமாப் பாட்டு வேறு. கொஞ்சும் சலங்கை படத்தில் காருகுறிச்சியார் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ 1962இல் வந்தது. ஒலிப்பதிவின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு 1979இல் மறைந்தவர். இசைக்கான உரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கும். பாட்டு வரிகளுக்கும் இதே கணக்கு தனியாக உண்டு. வீட்டில் கேட்பதற்கு இது தடையல்ல. பொதுவில் வெளியிடும் முன் யோசியுங்கள். வானொலி, கோயில் டேப்புகளை வித்துவானின் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். சட்டம் என்ன சொன்னாலும் இது நாம் காட்ட வேண்டிய மரியாதை.

பிற சேகரிப்பாளர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் ஒன்று 1990இல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுகளும் அக்காலப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. உங்கள் தட்டின் மேட்ரிக்ஸ் எண்ணை வேறொருவர் பிரதியோடு ஒப்பிடும்போதுதான் பல புதிர்கள் அவிழும்.

உங்களுக்குப் பின் இந்தச் சேகரிப்பு யாரிடம் போக வேண்டும் என்பதையும் இப்போதே ஒரு தாளில் எழுதி, பீரோவின் உட்கதவில் ஒட்டுங்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு அது தெரியாவிட்டால் நேரே பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். தட்டு, பதிவேடு, பேச்சுப் பதிவு மூன்றும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாளில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தொலைபேசி எண்ணோடு இரண்டு நண்பர்களின் பெயரையும் எழுதுங்கள்.